அவதி தீரும் செவ்வாய்க்கிழமை

சனிக்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். திருவனந்தபுரம் தம்பானூரில் நான் வேலை பார்த்த டிராவல் ஏஜென்சியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, டெலிபோன் மேல் இருந்த செல்வராஜ் அண்ணாச்சியின் கை. ரிசீவரை அப்போதுதான் வைத்திருக்கிறார். கையை இன்னும் எடுக்கவில்லை. மறு கையில் நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலம். வாய் நிறைய உப்பேரி இருந்ததால் அவரால் உடனே பேச முடியவில்லை.

மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"ஒனக்குத்தான் பிள்ள போன். காலேஜ்லேர்ந்து. லீவு செவ்வாயோட தீருதாம். மறக்காம சொல்லச் சொன்னாவ."

"யாரு பேசினா அண்ணாச்சி?"

"ஒரு பொம்பளையாளு. நல்ல மரியாத. ரெண்டு தடவ சொன்னா."

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் மாலைக் கல்லூரியில் பி.காம். கடைசி ஆண்டு. ஓண விடுமுறை விட்டார்கள். அது முடிவதற்குள் மாணவர் சங்கங்களின் படிப்பு முடக்கு, அதாவது வகுப்புப் புறக்கணிப்பு, வந்தது. கல்லூரி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லூரி திறக்கும் நாளில் ப்ராஜெக்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று விடுமுறைக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். நாள் தெரிந்தால் சொல்லுங்கள் என்று, கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஓமனா மேடத்திடம் ஏஜென்சியின் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன்.

ப்ராஜெக்ட் கொடுக்காதவர்கள் பரீட்சை எழுத முடியாது. எல்லா வருடமும் அப்படித்தான். ஆனால் எங்களுடையது பழைய பாடத்திட்டத்தின் கடைசி பேட்ச். இந்த முறை விட்டுவிட்டால் அடுத்த முறை என்ற பேச்சே இல்லை. புதிய பாடத்திட்டத்தில் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு மாலையில் படித்த மூன்று வருடங்களும் இல்லையென்று ஆகிவிடும்.

லீவு செவ்வாயோடு தீர்ந்தால், புதன்கிழமை கல்லூரி திறக்கும். புதன்கிழமை கொடுத்தால் போதும். அண்ணாச்சியிடம் கை நீட்டி இரண்டு உப்பேரி வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது முதல் ஐந்து வரை

டிக்கெட் எழுதக் கற்றுக்கொண்ட கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அப்போது விமான டிக்கெட்டைக் கையால் எழுதுவோம். ஒவ்வொரு தாளின் பின்புறமும் சிவப்புக் கார்பன் பூசியிருக்கும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால்தான் கடைசித் தாள் வரை இறங்கும். ஓணம் முடிந்த வாரங்களில், வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்களின் கூட்டம் நெருக்கும்போது, என் நடுவிரலின் ஓரம் எப்போதும் சிவந்திருக்கும். அக்கா வீட்டில் சோறு பிசையும்போது எரியும்.

தென்காசியிலிருந்து வந்து, கரமனையில் இருந்த அக்கா வீட்டில் தங்கி அந்த வேலையில் சேர்ந்தேன். கவுண்டரில் நானும் சுஷமா சேச்சியும். சேச்சிக்கு ஆற்றிங்கல் பக்கம். என்னைவிட எட்டு வருடம் சீனியர். பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைகிற வேலை செல்வராஜ் அண்ணாச்சிக்கு. நாங்குநேரிக்காரர். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். நாங்கள் இல்லாத நேரத்தில் போன் எடுப்பதும் அவர்தான். எடுத்தவுடன் மலையாளத்தில் "ஹலோ, பறயூ" என்பார். அந்த இரண்டு சொல்லை மட்டும் கேட்டால் அவர் நாங்குநேரிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

அத்தர், புதுச் சூட்கேஸின் ரெக்ஸின், தேங்காய் எண்ணெய் - கடைக்குள் எப்போதும் இந்த மூன்று வாசனையும் கலந்திருக்கும். இன்றைக்கும் ஏதாவது லக்கேஜ் கடைக்குள் நுழைந்தால் எனக்கு வயது இருபத்துமூன்று ஆகிவிடுகிறது.

மாலை ஐந்து மணிக்குக் கவுண்டரை விட்டு எழுந்து, கை கழுவி, ஓடிப்போய் பஸ் பிடித்தால் ஐந்தே முக்காலுக்கு வகுப்பில் இருக்கலாம். அங்கே எல்லோரும் ஏதாவது ஒரு வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஜவுளிக் கடைப் பெண்கள் இருவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், காக்கி யூனிஃபார்மிலேயே வந்து கடைசி பெஞ்சில் தூங்குகிற ஒரு கான்ஸ்டபிள். அவருடைய பெயரை வாசிக்கும்போது மட்டும் ஆசிரியர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் "பிரசன்ட்" சொல்வார். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

மிஸ்டர் காஸ்டிங்

ஏஜென்சியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. ஒரு மாதத்துக்கான தேதிகளை எழுதிய தடுப்பு அட்டைகள் உள்ளே வரிசையாக நிற்கும். விமானத்தில் சீட் பிடித்து வைத்தால், எந்தத் தேதிக்குள் டிக்கெட் எழுத வேண்டும் என்று விமானக் கம்பெனி ஒரு கெடு கொடுக்கும். டைம் லிமிட் என்போம். அதற்குள் எழுதாவிட்டால் சீட் போய்விடும். பயணியின் பெயரை ஒரு கார்டில் எழுதி, அந்தத் தேதித் தடுப்புக்குப் பின்னால் செருகி வைப்போம். காலையில் வந்ததும் அன்றைய கார்டுகளை உருவி மேஜையில் பரப்புவதுதான் முதல் வேலை.

இரண்டாம் வருடம் படிக்கும்போது எனக்குத் தேதிகள் குழம்பத் தொடங்கின. ஒரு ஆசிரியர் அசைன்மென்ட் கேட்ட அதே நாளில் இன்னொருவர் டெஸ்ட் வைத்தார். எந்தத் தேதியைக் கேட்டாலும் டக்கென்று சொல்ல முடிகிற எனக்கு, என் சொந்தத் தேதிகள் மட்டும் நினைவில் நிற்கவில்லை. அதனால் என் பாடங்களுக்கும் கார்டு எழுதி அந்த டின்னிலேயே செருகிவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை சுஷமா சேச்சி கார்டுகளை உருவினார்.

"எடீ வடிவே, ஈ மிஸ்டர் காஸ்டிங் ஆரா? பாஸ்போர்ட் தந்நிட்டில்லல்லோ!" பாஸ்போர்ட்டே தராத இந்த ஆள் யார் என்று என்னைக் கேட்டார்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "பேரைப் பாத்தா வெள்ளைக்காரத் துரை மாதிரில்லா இருக்கு."

உள் அறையிலிருந்த மானேஜர் சாருக்கும் கேட்டுவிட்டது. "எவிடேக்கா? மஸ்கட்டா?"

"அவர் எங்கேயும் போகல சார். நான்தான் ராத்திரி பூரா முழிச்சு அவர்கிட்டப் போகணும்" என்றேன்.

அதற்குப் பிறகு காலையில் டின்னைத் திறக்கும்போது, இன்றைக்குக் காஸ்டிங் உண்டா, டாக்சேஷன் உண்டா என்று கேட்பது வழக்கமாயிற்று. நான் டெஸ்டில் தேறினால் சேச்சி, "காஸ்டிங் ஃப்ளைட் கேறி" என்று, அதாவது விமானம் ஏறிவிட்டார் என்று அறிவிப்பார்.

இரண்டு பாடங்கள் ஒரே தேதியில் மோதும்போது என்ன செய்வது என்பதையும் கவுண்டரிலிருந்தே எடுத்துக்கொண்டேன். விமானத்தில் ஆள் அதிகமானால் யாரை இறக்குவது? கைக்குழந்தையோடு வந்தவரை இறக்கக்கூடாது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவரை இறக்கலாம், சத்தம் போடுவார், ஆனால் ஒன்றும் ஆகாது. விசா முடியப்போகிற பயணியை என்ன ஆனாலும் இறக்கக்கூடாது. அவர் கார்டில் சிவப்புக் கோடு போட்டு வைப்போம். வணிகச் சட்டம் கற்பித்தவர் நல்ல மனிதர், தாமதமானால் திட்டமாட்டார். அதனால் வணிகச் சட்டம் அடிக்கடி விமானத்திலிருந்து இறங்கியது. சிவப்புக் கோடு போட்ட ஒரே கார்டு ப்ராஜெக்ட்.

பின்னாளில் பத்திரிகை வேலைக்குப் போனபோது டெட்லைன் என்ற சொல்லைச் சுற்றி அங்கே ஒரு பயம் இருந்தது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பிஸ்கட் டின்தான் ஞாபகம் வரும்.

அந்தச் சனிக்கிழமை வரை ப்ராஜெக்ட் கார்டு தேதியில்லாமல் டின்னின் பின்பக்கம் நின்றிருந்தது. அண்ணாச்சி சொன்னதும் அதை எடுத்து, புதன்கிழமைக்கு உரிய தடுப்புக்குப் பின்னால் வைத்தேன்.

"ரொம்ப நல்லது"

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். என் மலையாளம் அப்போது பஸ் கண்டக்டரிடம் இறங்குமிடம் சொல்லும் அளவுக்குத்தான். ஒரு நாள் வர்க்கலைக்காரர் ஒருவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி சொன்னார்: "மோளே, வெள்ளியாழ்ச்ச எனிக்கு அவதி தீரும்."

தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? பாவம், வெள்ளிக்கிழமையோடு இவருடைய கஷ்டமெல்லாம் முடிகிறது. நான் மனதாரச் சிரித்து, "ரொம்ப நல்லது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் விவரிக்க முடியும். சுஷமா சேச்சி குனிந்து டிராயருக்குள் எதையோ தேடுவது போலச் சிரித்தார். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. அவருடைய இரண்டு மாத லீவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு மறுபடி அந்த வெயிலுக்குப் போக வேண்டும். அதைத்தான் நான் ரொம்ப நல்லது என்றேன்.

அதன் பிறகு அந்த வாக்கியத்தை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். எங்கள் கவுண்டருக்கு வருகிற பாதிப் பேர் அதைச் சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். அவதி தீரும், டிக்கெட் வேண்டும். எங்கள் நான்கு சுவருக்குள் அந்த வாக்கியத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

திங்கட்கிழமை போன்

எங்கள் வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழ் ஆள் பால்ராஜ். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமம். தம்பானூரிலேயே ஒரு ஹோட்டலில் பில் போடுகிற வேலை. ஹோட்டல் மாடியில் நான்கு பேரோடு தங்கியிருந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். வகுப்புக்கு வரும்போது சட்டையில் சாம்பார் வாசனை வரும். அதை மறைக்கப் பவுடர் போட்டுக்கொண்டு வருவான். அப்புறம் இரண்டு வாசனையும் வரும்.

திங்கட்கிழமை காலை அவன் ஏஜென்சிக்குப் போன் செய்தான்.

"எக்கா, லீவு செவ்வாயோட முடியுதாமே? ஓமனா மேடம் போன் பண்ணிச்சாம், எங்க மொதலாளி எடுத்திருக்காரு. ஒங்களுக்கும் சொன்னாங்களா?"

"எனக்கும் அதேதான் சொன்னாங்க."

"அப்ப சரி. என் ப்ராஜெக்ட் பைண்ட் பண்ணி வந்துட்டு, கறுப்பு அட்டை, பொன் எழுத்து. ஒரு எட்டு ஊருக்குப் போயிட்டு புதன்கிழம வெள்ளன வந்துருதேன்."

"போயிட்டு வா. பஸ்ஸ விட்டுராத."

ஒரே தகவல் இரண்டு இடத்திலிருந்து வந்தால் நம்பலாம் என்று பின்னாளில் பத்திரிகையில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து புறப்பட்டிருந்தால் அது இரண்டு இல்லை, ஒன்றுதான் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது பாடத்தை நோட்டில் எழுதிக்கொள்ளாதவள் அங்கே நான் ஒருத்திதான்; அதைத் தம்பானூரிலேயே கற்றுவிட்டிருந்தேன்.

அன்று மாலை பாளையத்தில் ஒரு பைண்டிங் கடையில் என் ப்ராஜெக்டைக் கொடுத்தேன். செவ்வாய் சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர்.

செவ்வாய்க்கிழமையை நான் வேறொன்றுக்குக் கொடுத்திருந்தேன். ஓண நெரிசல் அடங்கியதும் ஊழியர்களைப் பொன்முடி மலைக்கு அழைத்துப் போவது மானேஜர் சாரின் பழக்கம். கடையைப் பூட்ட முடியாது என்பதால் இரண்டு பாதியாகப் போவோம். அந்த வருடம் எங்கள் பாதிக்குச் செவ்வாய். ப்ராஜெக்ட் இருக்கிறது, வரவில்லை என்று முன்பு சொல்லியிருந்தேன். அண்ணாச்சி கொண்டுவந்த செய்திக்குப் பிறகு, வருகிறேன் என்றேன்.

கல்லாற்றில் சாயா

பொன்முடியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பனி மூடியிருந்தது. எதிரே நின்றவர் தெரியவில்லை. மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் சுஷமா சேச்சி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார், ஏறும்போதும் இறங்கும்போதும். மேலே இரண்டு மணி நேரம் நின்று நடுங்கிவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைத் தின்றுவிட்டு இறங்கினோம்.

கல்லாற்றுக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். மலை முடிகிற இடம். பாறைகளுக்கு நடுவே ஆறு; கரையில் இரண்டு மூன்று கடைகள். வேன் நின்றதுமே டிரைவர் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். நாங்கள் சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் இலைகளுக்கு நடுவே வந்து தோளில் விழுந்தது. மேலே குளிரில் விறைத்த விரல்களைச் சுடு கிளாஸில் சுற்றி வைத்துக்கொண்ட சுகம் இப்போதும் கையில் இருக்கிறது.

சேச்சிதான் பேச்சை எடுத்தார். "நாளெ காலேஜ் துறக்குமல்லே? ப்ராஜெக்ட் தயாரா?"

"போற வழியில பைண்டிங் வாங்கணும் சேச்சி. நாளைக்குக் கொடுத்தாப் போதும்."

அண்ணாச்சி சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொம்பளையாளு சொன்னதுல எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடல, கேட்டியா. மழைக்கு லீவு விடுவான், திருவிழாவுக்கு லீவு விடுவான். ப்ராஜெக்ட்டுக்குன்னு ஒரு லீவு உண்டுமா?"

"ப்ராஜெக்ட் லீவா? அப்படியா சொன்னாங்க?"

"ஆமா. 'ப்ரொஜக்டின்றெ அவதி சொவ்வாழ்ச்ச தீரும், வடிவினோடு பறயணே'ன்னா. வீட்ல இருந்து எழுதட்டும்னு லீவு விட்டிருக்காவ போலன்னு நெனச்சேன்."

சேச்சி கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அண்ணாச்சீ. அது லீவல்ல. லாஸ்ட் டேட் ஆணு!"

"அவதின்னா லீவுதானம்மா? தெனம் கவுண்டர்ல எத்தன பேரு சொல்லுதான்!"

"லீவும் அவதி தன்னெ. லாஸ்ட் டேட்டும் அவதி தன்னெ."

மலையாளத்தில் விடுமுறைக்கும் கெடுவுக்கும் அந்த ஒரே சொல்தான். கெடு என்ற பொருளில் அலுவலகக் காகிதங்களில் அதிகம் வரும். ஓமனா மேடம் காகிதத்தில் இருந்ததை அப்படியே வாசித்திருக்கிறார். அண்ணாச்சி எங்கள் கவுண்டரில் அதற்கு இருந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, எனக்குப் புரியட்டும் என்று தமிழாக்கி, லீவு என்று கொடுத்திருக்கிறார். மலையாளம் தெரியாத ஒருவர் போனை எடுத்திருந்தால், அந்தச் சொல்லை அப்படியே வந்து ஒப்பித்திருப்பார்.

கல்லூரி திறந்தாலும் திறக்காவிட்டாலும், ப்ராஜெக்டின் கெடு அன்று மாலையோடு முடிகிறது.

அண்ணாச்சி எழுந்து நின்றார். கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து வேட்டியில் சாயா கொட்டியதை அவர் கவனிக்கவில்லை. "இருவது வருசமா இந்த ஊர்ல மலையாளம் பேசுதேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மானேஜர் சார் கேட்டது ஒன்றுதான். "எத்ர மணி வரெ?"

"அஞ்சரை சார். அதுக்கு மேல ஆபீஸ்ல வாங்கமாட்டாங்க."

வாட்சைப் பார்த்தார். விமான நிலையத்துக்குத் தாமதமாகிவிட்ட பயணிகளுக்காக அவர் பார்க்கிற அதே பார்வை. "எல்லாரும் கேறிக்கோ."

டிரைவர் ஆற்றின் நடுவில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். குளித்தது போதும் என்று சேச்சி கரையில் நின்று கத்தினார்.

"எடோ! குளிச்சது மதி! கேறி வா!"

"சோப்பு தேச்சதே உள்ளூ, சேச்சி!"

"சோப்போடெ வா!"

வலது காதுக்குப் பின்னால் வெள்ளையாக நுரையை வைத்துக்கொண்டு அவர் நெடுமங்காடு வரை வண்டி ஓட்டினார்.

ஈரப் பசை

விதுரையில் ஒரு டெலிபோன் பூத்தில் இறங்கி, கல்லூரிக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேன் ஹாரன் அடித்தது. திரும்பி வந்து ஏறினேன். போகும்போது பாட்டும் கைத்தட்டுமாக இருந்த வண்டி அது. இப்போது எல்லோரும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பால்ராஜுக்கும் இதே போன்தான் போயிருக்கிறது, அவன் முதலாளியும் அவதியை லீவு என்றே எடுத்திருக்கிறார் என்பது விதுரை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் வள்ளியூரில் இருக்கிறான். அவன் கிராமத்தில் போன் கிடையாது.

நெடுமங்காடு சந்தையில் வாழைக்குலை லாரி ஒன்று குறுக்கே நின்றது. மானேஜர் சார், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு இறங்கிப் போய், லாரிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசினார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. லாரி நகர்ந்தது.

பாளையத்தில் பைண்டிங் கடைக்காரர், என் ப்ராஜெக்டை இரண்டு மரப் பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கயிறு கட்டியிருந்தார். "பச உணங்ஙியிட்டில்ல" என்றார். பசை காயவில்லை, பிரித்தால் அட்டை வளைந்துவிடும், ஒரு மணி நேரம் கழித்து வா.

ஒரு மணி நேரம் இல்லை என்றேன். அவர் என் முகத்தையும், வாசலில் இன்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்த வேனையும் பார்த்தார். பலகையோடு தூக்கி என் கையில் வைத்தார். "பலக திரிச்சு தரணம்." பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும்.

கல்லூரி அலுவலகத்துக்குள் நான் அப்படித்தான் நுழைந்தேன், இரண்டு கைகளிலும் ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது.

ஓமனா மேடத்தின் மேஜை

"இதெந்தா, சக்கயா?" என்றார் ஓமனா மேடம். பலாப்பழத்தைத் தூக்கிவருவது போல இருந்திருக்கும்.

இருவருமாகக் கயிற்றை அவிழ்த்தோம். பசை மேல் பலகையில் ஒட்டியிருந்தது. இழுத்தபோது அட்டையின் ஒரு மூலை, கட்டை விரல் அகலத்துக்குப் பிய்ந்து பலகையோடு போயிற்று. மேடம் அதைப் பார்க்காதது போலத் தேதி முத்திரையைக் குத்தினார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் என் பெயரில் ஒரு எழுத்து குறைந்தது. மறுபடி எழுதச் சொன்னார்.

பிறகுதான் கேட்டார். "ஞான் சனியாழ்ச்ச விளிச்சு பறஞ்ஞதல்லே? பின்னெந்தா இத்ர லேட்?"

"லீவு முடியுதுன்னு புரிஞ்சுக்கிட்டோம், மேடம்."

"லீவோ?"

அவதி என்றீர்களே என்றேன். மேடத்தின் உதடு அசைந்தது. தான் போனில் சொன்ன வாக்கியத்தைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் பேனா முனையைப் பதிவேட்டில் பெயர் பெயராக மேலிருந்து கீழே இறக்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஹோட்டலிலெ பால்ராஜ் வந்நிட்டில்ல."

டெலிபோனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஹோட்டலில் எடுத்தவர் தமிழ்தான். பின்னால் தோசைக்கல்லில் கரண்டி உரசும் சத்தம்.

"பால்ராஜா? அவன் நேத்தே ஊருக்குப் போயிட்டாம்லா. நாளைக்கு வெள்ளன வருவான்."

"அவனோட ப்ராஜெக்ட் புஸ்தகம் ரூம்ல இருக்கும். கறுப்பு அட்டை போட்டது. அத யார்கிட்டயாவது குடுத்து உடனே காலேஜுக்கு அனுப்ப முடியுமா? ரொம்ப அவசரம்."

"பொன் எழுத்து போட்டிருக்குமே, அதா? இங்க இல்லம்மா. அவங்க அம்மைக்குக் காட்டணும்னு கையோட கொண்டுபோனான்."

ரிசீவரை வைத்தேன். மேடத்துக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தரைக்கு அவர் பதிவேட்டை மூடவில்லை. ப்ராஜெக்டுகளைக் கட்டி எடுத்துப்போக வேண்டிய பியூன் வந்து வாசலில் நின்றார். மேடம் அவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பியூன் டீ குடித்துவிட்டு வந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே வேனுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி, சாயாக் கறை படிந்த வேட்டியோடு, கல்லூரி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது.

ஆறு மணிக்கு மேடம், கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். பியூன் ப்ராஜெக்டுகளை அடுக்கிச் சணல் போட்டுக் கட்டினார்.

புதன்கிழமையும் கல்லூரி திறக்கவில்லை. காலையில் நான் வேலைக்குப் போன பஸ் அந்த வழியாகச் சென்றபோது, பூட்டிய கேட்டின் முன்னால் பால்ராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.